இருநூற்றுப் பதின்மூன்றாவது பெயர்

அந்த ஆஸ்பத்திரியில் யாரை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், கம்ப்யூட்டரை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சிறுநீரகப் பிரிவின் பதிவு அறையில் அது இருக்கிறது. அதற்கு ஏசி உண்டு. அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, இருமல் உள்ளவர்கள் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். நோயாளிகள் உட்காரும் வராந்தாவில் மின்விசிறி ஓடி எத்தனையோ மாதமாகிறது. அதைப் பற்றி மேலே எழுதிப் போட்டிருக்கிறார்களாம்.

அறை வாசலுக்கு மேலே ஒரு பலகை. "இக்கணினி நிற்காமல் இயங்கும் நாள்: 1,071" என்று முதல் நாள் பார்த்தேன். தினமும் காலையில் ஒரு ஊழியர் ஏணி போட்டு ஏறி எண்ணை மாற்றுவார், இன்னொருவர் ஏணியைப் பிடித்துக்கொள்வார், மூன்றாமவர் எண் சரியா என்று கீழே நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நானும் அந்தத் தொழில்தான். ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்து, மற்றவர்கள் தூக்கிப் போடச் சொன்ன பழைய கம்ப்யூட்டர்களை ஓடவைத்துக் கொடுப்பவன். பழைய பொருளை மதிக்கத் தெரிந்த இடம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

அக்காவுக்காகப் போயிருந்தேன். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தையல் கடைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டை இருக்கிறதே, அதைச் சுற்றி நூல் கட்டுவது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி, அது மூன்றே வருஷத்தில் முறிந்து, நான் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் பதினோரு வருஷம் அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டன என்று டாக்டர் சொன்னார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்தால் பல வருஷம் இருப்பாள், செய்யாவிட்டால் இருக்க மாட்டாள். "மாடியில மெஷின் இருக்கு, பெட் இருக்கு. கீழே பதிவு மட்டும் பண்ணிட்டு வாங்க" என்றார். சொன்னவர் வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர்.

பதிவு ஜன்னலில் ஒரு மேடம் இருந்தார்.

"இடமில்லீங்க."

"மேல எட்டு பெட் காலியா இருக்கே மேடம். இப்பதான் பாத்துட்டு வர்றேன்."

"பெட்ல இடம் இருக்கு. கம்ப்யூட்டர்ல இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "பட்டியல்ல இருநூத்திப் பன்னெண்டு பேர் வரைக்கும் ஏத்துக்கும். இருநூத்திப் பதிமூணாவது பேரை அடிச்சா ஸ்கிரீன் நீலமாப் போய் அப்படியே நின்னுடும். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை அடிச்சுப் பாத்து, அணைச்சுப் போட வேண்டியதாப் போச்சு. ஏன் நின்னுச்சுன்னு இயக்குநர்கிட்ட மேலிடத்துல விளக்கம் கேட்டுட்டாங்க. அன்னையிலேருந்து இருநூத்திப் பன்னெண்டுதான். நிலைத்தன்மை வரம்புன்னு சுற்றறிக்கையே இருக்கு."

"அப்ப எங்கக்கா?"

"யாராவது வெளியே போனா உள்ளே வரலாம்."

"யாரு மேடம் வெளியே போவாங்க?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்கே தோன்றியது. "காத்திருக்கிறவங்க பேரையாவது ஒரு நோட்டுல எழுதிக்கிட்டீங்கன்னா..." என்று இழுத்தேன்.

"எழுதினா அதுவும் ஒரு பட்டியல் ஆயிடும். பட்டியல்னா வரம்பு இருநூத்திப் பன்னெண்டுதாங்க."

அந்த மேடம் கெட்டவரில்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதை வைத்துச் சொல்கிறேன்.

அக்காவின் நோயைக் கண்டுபிடிக்க ஆறு மாதமாயிற்று. கம்ப்யூட்டரின் நோய் எனக்கு ஜன்னல் வழியாகவே தெரிந்துவிட்டது. பழைய பெட்டி அது, இதே நோயோடு என் கடைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. அதற்குள் ரேம் என்கிற நினைவகத் துண்டு ஒன்று முதலிலிருந்தே இருந்திருக்கிறது. பிற்பாடு யாரோ வேகம் ஒத்துப்போகாத இன்னொன்றை வாங்கி அதன் பக்கத்தில் செருகிவிட்டார்கள். நடை வேறான இரண்டு மாட்டை ஒரே வண்டியில் பூட்டிய மாதிரி. பாரம் குறைவாக இருக்கும்வரை முதல் மாடே இழுத்துக்கொண்டு போகும். இருநூற்றுப் பதின்மூன்றாவது மூட்டையை ஏற்றும்போது இரண்டாவது மாடும் இழுத்தாக வேண்டும், அது படுத்துவிடுகிறது. அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு ஒத்துப்போகிற ஒன்றைச் செருகினால் இருபதாயிரம் பேரை ஏற்றலாம். என் கடை இழுப்பறையில் அந்த வகைத் துண்டு ஆறு கிடந்தன. ஒன்றை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மறுநாள் கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனேன்.

பதிவு அறையின் பொறுப்பு அவரிடம்தான். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். கடைசியில், "அணைக்கணுமா?" என்றார், ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி.

"அஞ்சே நிமிஷம் சார். மாத்திட்டுத் திரும்பப் போட்டுடலாம்."

"அணைச்சா திரும்பி வரும்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது வரும் சார்."

"அப்ப ஒண்ணு வராது" என்று குறித்துக்கொண்டார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மனம்விட்டுப் பேசினார். "இங்க பாருங்க. இந்தக் கட்டடத்துல எல்லாமே நின்னு நின்னுதான் போகுது. லிஃப்ட் நிக்குது. தண்ணி நிக்குது. மூச்சு நிக்குது. நிக்காம ஓடறது இது ஒண்ணுதான். பெரிய இடத்துலேருந்து யாராவது பாக்க வந்தா, நாங்க கூட்டிட்டுப் போய்க் காட்டறதுக்கு வேற என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமி மாடியில் விரித்த படுக்கையோடு காத்திருந்தது. கண்காணிப்பாளர் மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். அதை நினைவகப் பொருத்தக் குழு பரிசீலிக்குமாம். அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று கேட்டேன். மனு வந்தால் அமைப்போம் என்றார்.

பதிவு அறையில்தான் மவுஸ்காரரைப் பார்த்தேன். அவருடைய வேலை, ஒன்பது நிமிஷத்துக்கு ஒருமுறை மவுஸைப் பிடித்து ஒரு விரற்கடை நகர்த்துவது. பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் அந்தத் திரை தானாகக் கறுத்துவிடும். எந்தக் கம்ப்யூட்டரிலும் உள்ளதுதான். ஒருமுறை அப்படிக் கறுத்ததும் உயிர் போய்விட்டதென்று பயந்து, ஒரு பணியிடத்தையே உருவாக்கி அவரை நியமித்துவிட்டார்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாய்க்கு வேலையில்லை நிற்க நேரமில்லை என்பதற்கு நான் கண்ணால் கண்ட சாட்சி அவர்.

"அண்ணே, அந்தத் திரை கறுக்காம இருக்க உள்ளேயே ஒரு அமைப்பு இருக்கு. ரெண்டு தட்டு தட்டினாப் போதும்" என்று அவர் காதில் சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார் அவர் மெல்ல. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு."

மூன்று வாரத்தில் குழு கூடியது. கண்காணிப்பாளர் தலைவர். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், சலவைப் பிரிவு அதிகாரி ஒருவர், தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் ஒருவர். ஐந்தாமவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு தட்டு வரவழைத்து, வெள்ளைத் துணி விரித்து, அதில் என் ரேமை வைக்கச் சொன்னார்கள்.

"இது புதுசா?" என்றார் தலைவர்.

"இந்தப் பெட்டிக்குப் புதுசு இப்ப யாரும் செய்யறதில்ல சார். நல்லா ஓடின பழசு."

"இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?"

"ஒரு பள்ளிக்கூடத்துல சார்."

"அங்கேருந்து ஏன் வெளியே அனுப்பினாங்க?"

"அனுப்பலை சார். அந்தப் பெட்டி கெட்டுப்போச்சு. இது நல்லாத்தான் இருந்துச்சு."

"நன்னடத்தைச் சான்று ஏதாவது?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. சலவைப் பிரிவு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பள்ளிக்கூடத்து ஞாபகம் எதுவும் உள்ளே மிச்சம் இருக்காதே? நாளைக்கு நோயாளி பேருக்குப் பதிலா பெருக்கல் வாய்ப்பாடு வந்து நின்னா யார் பொறுப்பு?" என்றார்.

"கரண்ட் போனதும் இதுல எதுவும் தங்காது சார். எல்லாத்தையும் மறந்துடும்."

"மறந்துடுமா?" என்று நிமிர்ந்தார் பொறியாளர். "மறந்துபோற பொருளையா நினைவகம்னு கொண்டாந்திருக்கீங்க?"

அரை மணி நேரம் இதே ரீதியில் போயிற்று. விளக்கி விளக்கி வாய் உலர்ந்து, கடைசியில் அந்த மாட்டு வண்டிக் கதையையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்டதும் தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க! புது மாட்டைப் பழைய மாட்டோட பூட்டறதுக்கு முன்னாடி ஒரே தொழுவத்துல கட்டிப் பழக்கறதில்லையா? முப்பது நாள் இது அந்த அறையிலேயே இருக்கட்டும். ரெண்டும் ஒண்ணையொண்ணு பழகட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, தட்டோடு என் ரேமை அதன் மேல் வைத்தார்கள். அது எப்படி நடந்துகொள்கிறது என்று தினமும் குறிக்கும் வேலையை மவுஸ்காரருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தார்கள்.

வீட்டில் இதைச் சொன்னதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் ரேமுக்காவது உள்ளே இடம் கிடைச்சுதே. ஏசியில வேற இருக்குது. குடுத்து வச்ச ஜென்மம்டா அது!" சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் வீங்கி, அவளுடைய செருப்பு நுழையாமல், அந்த மாதம் முழுக்க என் செருப்பைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை வைத்து வெளியே பத்து நாளைக்கு ஒருமுறை டயாலிசிஸ் செய்தோம். பத்து நாளைக்கு ஒருமுறை என்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதுதான். தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. அவள் ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோட்டைக் காவல் காக்கும் வேலை என்னுடையது. ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கில் வைத்து நனைக்கக்கூட எச்சில் இல்லை என்பாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

வராந்தாவில் எங்களைப் போல் பட்டியலுக்கு வெளியே உள்ளவர்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்போம். கொத்தனாரின் மனைவி ஒருத்தி தினமும் வருவாள். புருஷனுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சர் இறங்கும் சத்தம் கேட்டால் எல்லோர் தலையும் ஒன்றாகத் திரும்பும். போர்த்தியிருப்பது கழுத்துவரையா, முகத்துக்கு மேலா என்று பார்ப்போம். நான் அப்படிப்பட்டவனில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முதலில் திரும்புவது பெரும்பாலும் என் தலையாகத்தான் இருந்தது.

அக்காவுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. "யாராவது செத்தாத்தான் எனக்கு இடமாடா?" என்று கேட்டாள்.

"அப்படியில்லக்கா. குணமாகியும் போவாங்க."

"எப்படி, புதுசா கிட்னி முளைச்சா?" என்றாள். பொய்யைப் பொருத்தமாகச் சொல்ல எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே வராது.

முப்பது நாள் முடிந்து குழு மறுபடி கூடியது. பதிவேட்டைப் புரட்டினார்கள். முப்பது நாளும் மவுஸ்காரர் "அமைதியாக உள்ளது" என்று எழுதியிருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். "முப்பது நாளும் ஒரு அசைவு இல்ல, ஒரு சத்தம் இல்ல" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். "இதுக்கு உயிர் இருக்கான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு." கால அவகாசத்தை இன்னும் நூறு நாள் நீட்டித்தார்கள்.

நான் அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது வராந்தாவில் கூச்சலாக இருந்தது. பட்டியலிலிருந்த பெரியவர் ஒருவர் அன்று காலை இறந்திருக்கிறார். ஓர் இடம் காலி. வெளியே இருப்பவர்களுக்குத்தான் பட்டியலே கிடையாதே, அதனால் வரிசையும் கிடையாது. அந்த நேரத்தில் ஜன்னலில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான். கொத்தனாரின் மனைவி அப்போது பார்த்து புருஷனுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தாள். நான் உள்ளே என் ரேமுக்கு உயிர் இருப்பதை நிரூபித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக அங்கே வந்த ஒருவர், கழிவறை எங்கே என்று கேட்க ஜன்னலுக்குப் போனவர், தன் அம்மாவின் பெயரைப் பதிந்துவிட்டு வந்துவிட்டார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதேதான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தம்மா இன்னும் நன்றாக இருக்கிறார், பார்க்கிறேன்.

ஆயிரத்து இருநூறாவது நாளைப் பெரிய விழாவாகக் கொண்டாடினார்கள். வராந்தாவில் பெஞ்சுகளை ஒதுக்கி மேடை போட்டார்கள். அன்று அக்காவையும் கூட்டிப்போயிருந்தேன், இயக்குநரை நேரில் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று. பார்க்க விடவில்லை. பேச்சை மட்டும் கேட்டோம்.

"ஆயிரத்து இருநூறு நாள்!" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "இத்தனை நாள்ல நம்ம பட்டியல்ல இருக்கிற ஒருத்தராவது சிகிச்சை கிடைக்கலைன்னு சொன்னதுண்டா? கிடையாது. வெளியே யாரோ காத்திருக்காங்கன்னு சிலர் சொல்றாங்க. தேடிப் பார்க்கச் சொன்னேன். அப்படிப்பட்டவங்களைப் பத்தி நம்மகிட்ட எந்தப் பதிவும் இல்ல. பதிவே இல்லாதவங்களுக்கு என்ன குறை இருந்துட முடியும்? மாடியில எட்டு படுக்கை காலியா இருக்குன்னு குறையாச் சொல்றாங்க. நான் பெருமையாச் சொல்றேன். ஆஸ்பத்திரியில படுக்கை காலியா இருந்தா ஊர்ல நோய் குறைஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்!"

கைதட்டினார்கள். எங்களைச் சுற்றி நின்ற பட்டியலுக்கு வெளியே உள்ளவர்களிலும் ஓரிருவர், பழக்கதோஷத்தில், கைதட்டினார்கள். அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு, "நல்லாப் பேசறார்டா. இவர் பேசறதைக் கேட்டா எனக்கே ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு" என்றாள்.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் எழுந்ததும், "ஒரே ஒரு டம்ளர் தண்ணி முழுசாக் குடுடா" என்றாள். நான் பாட்டிலை எடுத்து, கோட்டைப் பார்த்து, அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். முழு டம்ளர் கொடுத்திருக்கலாம். எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டாலும் இது ஆறவில்லை.

பத்து மணிக்கு மூச்சுத் திணற ஆரம்பித்தது. அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். பணியிலிருந்த டாக்டர் சின்னப் பெண், ஆக்சிஜன் வைத்துவிட்டு மாடிக்கு போன் செய்தாள். "பெட் இருக்கு, மெஷின் இருக்கு, மெஷின் ஓட்டற ஆளும் சும்மாத்தானே இருக்காரு, உடனே மேல அனுப்பறேன்" என்றாள். மறுமுனையில் பட்டியல் எண் கேட்டார்கள். போனை வைத்துவிட்டு அவளே மாடிக்கு ஓடினாள். அவள் யாரிடமோ கத்துவது படிக்கட்டு வழியாகக் கீழே கேட்டது. எண் இல்லாமல் மெஷின் அறைச் சாவியைக் கொடுக்க முடியாது என்று ஒருவர் பொறுமையாகத் திரும்பத் திரும்ப விளக்கிக்கொண்டிருந்தார். அவள் இறங்கி வரும்போது அக்கா இல்லை. எட்டு படுக்கைக்கும் நேர் கீழே, தரைத் தளத்தில், ஒரு ஸ்ட்ரெச்சரில் போய்விட்டாள். என் செருப்பு அவள் காலில் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, என் ரேமைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரலாம் என்று போனபோது பலகையில் 1,215. மதியச் சாப்பாட்டு நேரம். அறையில் மவுஸ்காரர் மட்டும் இருந்தார். அவருக்கு விஷயம் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, மவுஸை ஒரு விரற்கடை நகர்த்தி, கையெழுத்துப் போட்டார்.

"நான் சாப்பிட்டு வர்றேன் தம்பி. ஒன்பது நிமிஷத்துல ஒரு தடவை இதை அசைச்சு விட்டுடுங்க. வேற எதையும் தொட்டுடாதீங்க" என்றார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "தொட்டாலும் எனக்குத் தெரியாது."

அணைத்தேன். மூன்று வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த அதன் விசிறி முனகி நின்றதும் அந்த அறையில் அப்படியொரு அமைதி. பெட்டியைத் திறந்தேன். உள்ளே கம்பளிபோல் தூசி. பொருந்தாத துண்டைக் கழற்றி, செருகும் இடத்தை ஊதித் துடைத்து, முக்காலியிலிருந்த என்னுடையதை அழுத்தினேன். டக்கென்று ஒரு சின்னச் சத்தம், உட்கார்ந்துவிட்டது. பொத்தானை அமுக்கினேன். பழைய பெட்டிகள் எழுந்திருக்க நேரமெடுக்கும். எழுந்தது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நூற்று முப்பத்திரண்டு நாள் நாங்கள் கேட்டது அந்த ஐந்து நிமிஷம்தான்.

பதிவு மேடம் சாப்பிட்டுவிட்டு வந்தார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்து முதலில் பயந்தார். பிறகு திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயரும் அப்படியே நிற்பதைப் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, நாற்காலியில் உட்கார்ந்து, விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு, "போட்டுப் பாத்துடவா? பேர் சொல்லுங்க" என்றார்.

கொத்தனார் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் மனைவி பத்தடி தூரத்தில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்த ஜன்னலில் யாராவது "பேர் சொல்லுங்க" என்று கேட்பார்கள் என்று நாலு மாதமாக நான் காத்திருந்தேன். என் வாய் அக்கா பெயரைச் சொல்லிவிட்டது. வயதைக் கேட்டார், சொன்னேன். முகவரி கேட்டார், சொன்னேன். நிறுத்த முடியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டினார். திரை நீலமாகவில்லை. 213 என்ற எண்ணுக்கு எதிரே அக்காவின் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல், வந்து நின்றது.

மேடம் அழுதுவிட்டார். "எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா? அக்காவைச் செவ்வாய்க்கிழமை காலையில ஆறு மணிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். அந்தப் பெயர் அங்கே இருப்பதை ஒரு நாளாவது பார்த்துவிட்டு, மறுநாள் வந்து உண்மையைச் சொல்லி எடுக்கச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இனிமேல்தான் எத்தனை பேரை வேண்டுமானாலும் ஏற்றலாமே, என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் பலகையில் "நாள்: 1". என் ஸ்க்ரூடிரைவரைப் பறிமுதல் செய்தார்கள். அந்த அறை வாசலில் நான் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. மவுஸ்காரரைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள், அவர் இடத்தில் இருவரை நியமித்தார்கள். ஒருவர் நகர்த்த, ஒருவர் பார்க்க. நாலாம் நாள் சுற்றறிக்கை ஒட்டினார்கள். இருநூற்றுப் பதின்மூன்றாவது பெயரைக் கணினி ஏற்றுக்கொண்டது நிரூபணமாகியிருப்பதால் நிலைத்தன்மை வரம்பு 213 ஆக உயர்த்தப்படுகிறது, 214ஆவது பெயரைக் கணினி ஏற்கும் என்பதற்கு இதுவரை ஆதாரம் எதுவும் இல்லாததால் அதை உள்ளிடுவது தடைசெய்யப்படுகிறது. இயக்குநர் கையெழுத்து.

இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் ஓடினேன். ஜன்னல் வழியாகத்தான் பேச அனுமதி. இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இறந்தது மூணாந்தேதி. பதிஞ்சது பதினஞ்சாந்தேதி. விதிப்படி பதிவுக்கு அப்புறம் இறந்தாத்தான் நீக்க முடியும். இவங்க முன்னாடியே இறந்திருக்காங்க."

"சார், தப்பு என்னோடது. நான்தான் பேரைச் சொன்னேன். அதை அழிச்சுட்டு அங்க உக்காந்திருக்கிற யாரோட பேரையாவது போடுங்க சார்."

"செத்தப்புறம் வந்து பதிஞ்ச ஒருத்தரை, செத்துட்டாருன்னு காரணம் காட்டி எப்படிங்க எடுக்கறது?" என்றார். உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார், பாவம். "நீங்க ஒரு மனு கொடுங்க. அதுக்கு ஒரு குழு போடுவோம்."

இப்போது மாடியில் ஏழு படுக்கைதான் காலி. எட்டாவது அக்காவுடையது. செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு மணிக்கு அதில் புது விரிப்புப் போட்டு, மெஷினைத் தயாராக வைத்து, பத்து மணிக்கு "வரவில்லை" என்று எழுதி மூடுகிறார்கள். சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை என்று அக்கா பெயருக்கு இரண்டு கடிதம் வந்திருக்கிறது. நான் தினமும் கடையைப் பூட்டிவிட்டு அந்த வராந்தாவில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், குழு எப்போது கூடும் என்று கேட்க.

நேற்று கொத்தனாரின் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாரமாக அவளைக் காணவில்லை. புருஷனை ஊரிலுள்ள மாமியார் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். முகமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"கடைசியாச் சேந்த பேரு உங்க அக்காவோடதாமே அண்ணே. மேடம் சொன்னாங்க."

"ஆமாம்மா."

"சந்தோஷம்ணே" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

அவள் நலம் விசாரிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

"செத்துப்போயிட்டாம்மா" என்றேன்.

அவள் முகம் ஒரு கணம் வெளிச்சமாயிற்று. உடனே தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டு, ஐயோ ஐயோ என்று அழுதாள். எனக்காக அழுதாளா, தனக்காகவா, அந்த வெளிச்சத்துக்காகவா, தெரியவில்லை. அழுதபடியே எழுந்துவிட்டாள். கால்கள் தாமாகவே ஜன்னலைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தன.

"உக்காரும்மா" என்று அவளைக் கூப்பிட்டேன். "இடம் காலியாகலை."